சிமெண்டுக் களத்து ஸ்டாப்பர்

"அண்ணே, அந்த இடது முட்டி எத்தனை நாளா வலிக்குது?"

அவன் என்னிடம் முதன்முதலில் பேசியது இதுதான். சென்னையிலிருந்து ஒரு கால்பந்துக் கிளப் தஞ்சாவூருக்கு ஆள் எடுக்க வந்திருந்தது. சுற்று வட்டாரத்திலிருந்து நூறு பேருக்கு மேல் மைதானத்தில் வரிசை கட்டி நின்றோம். எனக்கு வயது இருபத்திரண்டு. கோல்கீப்பர். முட்டிவலியைத் தேர்வாளர்களிடமிருந்து மறைக்க முட்டிக்கு மேலே காலுறையை இழுத்து விட்டிருந்தேன். இவனோ எனக்குப் பின்னால் இரண்டு ஆள் தள்ளி நின்ற, பதினெட்டு வயதுப் பையன்.

"வலியா? யாருடா சொன்னா?"

"யாரும் சொல்லல. வலது பக்கம் தாவுறப்ப கால ஊனித் தாவுறீங்க. இடது பக்கம்னா சாஞ்சு விழுறீங்க. ரெண்டு தடவ பாத்தேன்."

"சத்தமாப் பேசாத."

"சொல்ல மாட்டேண்ணே" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றான்.

அன்று டெல்டா பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதற்குப் பிறகு நான்கு வருடம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் ஆடியிருக்கிறேன். அவன் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு நேர் முன்னால் நடுவில் நிற்கிற தடுப்பாட்டக்காரன். எதிரணியில் யார் முன்னேறி வந்தாலும் என்னிடம் வருவதற்குமுன் அவனைத் தாண்டித்தான் வரவேண்டும்.

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது செல்போனில் தேடி எங்கள் அணியின் கடைசி ஆட்டத்தின் வீடியோவை எடுப்பார்கள். அதன் கீழே ஜனங்கள் எழுதி வைத்திருப்பதையும் படிப்பார்கள். அவனுக்கு அது போதும் போதும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

ஆள் நல்ல உயரம். கழுத்து நீளம். ஆட்டத்தில் ஓட்டத்தைவிட நிற்பதுதான் அதிகம் போலத் தெரியும். அணியில் அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். நடவு வயலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும் கொக்கு சும்மா நிற்கவில்லை என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சென்னைப் பையன்களுக்கு அது தெரிய ஒரு சீசன் ஆனது.

மற்ற ஸ்டாப்பர்கள் பந்தைப் பிடுங்கத் தரையோடு சறுக்கிக்கொண்டு பாய்வார்கள். பார்க்க வீரமாக இருக்கும். இவன் சறுக்கி நான் பார்த்ததில்லை. கோச் எவ்வளவு கத்தினாலும் நின்றபடியேதான் தடுப்பான். கோச் வடசென்னைக்காரர், குரல் மைதானத்துக்கு வெளியே சாலை வரைக்கும் கேட்கும்.

"டேய் கொக்கு! வுழுடா! வுழுந்து எட்ரா!"

இவன் விழவே மாட்டான்.

காரணத்தை ஒருநாள் பஸ்ஸில் சொன்னான். அவன் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர், அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். ஊரில் விளையாட இடம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. சம்பா அறுத்த கையோடு வயலில் உளுந்து தெளித்துவிடுவார்கள். மிச்சம் இருந்தது கொள்முதல் நிலையத்தில் நெல் காயவைக்கிற சிமெண்டுக் களம். கொள்முதல் முடிந்து களம் காலியானதும் பையன்கள் அதில் வெறுங்காலோடு ஆடுவார்கள்.

"சிமெண்ட்ல சறுக்கிப் பாருங்கண்ணே. தொடைத் தோலு அங்கயே ஒட்டிக்கும். ஒரு தடவ சறுக்குனேன். மூணு வாரம் குப்புறப் படுத்தேன். அதுக்கப்புறம் எவன் எந்தப் பக்கம் போவான்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டுத்தான் கால வைப்பேன்."

"எப்படிடா தெரிஞ்சுக்குவ?"

"பந்தப் பாக்கக் கூடாது. பந்து ஏமாத்தும். கண்ணும் ஏமாத்தும். இடுப்பப் பாக்கணும். இடுப்பு எங்க திரும்புதோ அங்கதான் மனுசன் போவான்."

ஒரு சீசனில் எதிரணிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கரைக் கொண்டுவந்தார்கள். ஆறே கால் அடி உயரம். அதுவரை எந்தத் தடுப்பாட்டக்காரனும் அவரை நிறுத்தவில்லை. முதல் பத்து நிமிடம் இவன் அவரைச் சும்மா பின்தொடர்ந்து போய்க்கொண்டிருந்தான். நான் பின்னாலிருந்து கெட்ட வார்த்தையில் கத்தினேன். பதினைந்தாவது நிமிடத்திலிருந்து அந்த ஆறே கால் அடி மனிதர் எங்கே திரும்பினாலும் இவன் முன்கூட்டியே அங்கே நின்றுகொண்டிருந்தான். மோதல் இல்லை, தள்ளல் இல்லை. கல்யாண வீட்டில் வந்தவரை வழிமறித்து உபசரிக்கிற மாதிரி எதிரில் போய் நிற்பான். ஆட்டம் முடிந்ததும் அந்த மனிதர் வந்து இவன் தலையைத் தடவி ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"புரியலண்ணே. ஆனா அவருக்கு இடுப்புல புடிப்பு இருக்கு. பாவம், ஊசி போட்டுக்கிட்டு ஆடுறாரு."

மைதானத்தில் இந்தக் குணம் எங்களுக்கெல்லாம் வரமாக இருந்தது. விடுதியில்தான் தொல்லை. ஒரே அறையில் ஆறு பேர். அவன் சாப்பிடும்போதும் துணி துவைக்கும்போதும் யாரையாவது பார்த்துக்கொண்டேயிருப்பான். ஊரிலிருந்து ஐந்து கிலோ அரிசி கொண்டுவந்து சமையல்காரரிடம் கொடுத்து, "எனக்கும் அண்ணனுக்கும் இதுல வடிங்க. உங்க ஊரு அரிசி தொண்டையில எறங்க மாட்டேங்குது" என்று கேட்கிற வெள்ளந்திதான். ஆனால் அவன் பார்வை பட்டால் எதையோ திருடி மாட்டிக்கொண்டது மாதிரி இருக்கும். "என்னப் பாக்காதடா" என்று ஒருவன் தட்டை வீசியே இருக்கிறான்.

இரண்டாவது சீசன் முடிகிற சமயம் எங்கள் அணியில் ஓரத்தில் ஆடுகிற ஒரு மூத்த ஆட்டக்காரர் இருந்தார். மனைவி பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்து வர வீடு பார்த்துக்கொண்டிருந்தார். இவன் அவரிடம் போய், "அண்ணே, வீடு இப்ப பாக்காதீங்க. உங்கள அனுப்பப் போறாங்க" என்றான்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ரெண்டு வாரமா கோச் உங்களுக்கு முதுகத் திருப்பி நின்னுதான் பேசுறாரு. போன வருசம் அனுப்புன ஆளுங்ககிட்டயும் இப்படித்தான் நின்னாரு."

அவர் எல்லார் முன்னாலும் இவன் கன்னத்தில் அறைந்தார். பத்து நாள் கழித்து அவரை அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று இவன் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனான். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தவன் என்னைக் கேட்டான்.

"தெரிஞ்சா சொல்லக் கூடாதாண்ணே?"

அவன் தன் அக்காவுக்குப் போன் போட்டான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் அக்காதான். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் படித்து வேலைக்குப் போனவர், தம்பியைப் பந்தாட அனுப்பியவரும் அவர்தான். பேசி முடித்துவிட்டு வந்து எனக்குத் தீர்ப்பைச் சொன்னான்.

"தெரிஞ்சதெல்லாம் சொல்லிட்டுத் திரியக் கூடாதாம். ஆனா ஒடம்பு சமாச்சாரம்னா, அடிச்சாலும் சொல்லணுமாம்."

அதற்குப் பிறகு அப்படியே நடந்துகொண்டான். யார் வேலை போகும், யார் காதல் முறியும் என்று பேசுவதை நிறுத்திவிட்டான். யாராவது நொண்டினாலோ இருமினாலோ மட்டும் விடமாட்டான்.

நான்காவது சீசனில் எங்கள் கிளப் தேசிய அளவிலான இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடியது. எங்கள் எல்லாருக்கும் ஒப்பந்தம், சீருடை, செய்தித்தாளில் படம். அவனுக்கு இருபத்திரண்டு வயது. பெரிய கிளப்புகளின் ஆட்கள் அவனைப் பார்க்க வந்துபோவதாகப் பேச்சு. ஆனால் அணி தொடர்ந்து தோற்று, கடைசி ஆட்டத்தில் டிராவாவது செய்தால்தான் அந்தப் போட்டியில் நீடிக்க முடியும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டோம். தோற்றால் கீழே இறக்கிவிடுவார்கள். இறங்கினால் கிளப் அணியைக் கலைத்துவிடும் என்று மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

மே மாதம், பகல் மூன்றரை மணி ஆட்டம். எனக்கு அதில் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. மீதி மற்றவர்கள் சொன்னது.

ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. விதிப்படி இறக்கக்கூடிய மாற்று ஆட்டக்காரர்கள் எல்லாரையும் இறக்கியாகிவிட்டது. ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கையில் ஒரு கார்னர். நான் எகிறிப் பந்தைப் பிடித்தேன். எதிரணிக்காரன் முட்டி என் நெற்றிப்பொட்டில் இடித்தது. பந்தை விடவில்லை என்று சொன்னார்கள். எங்கள் பிசியோ ஓடி வந்து தண்ணீர் அடித்து, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். மூன்று என்றேன். சரிதான். எழுந்து நின்றேன். கைதட்டினார்கள்.

நான் வெளியே போனால் மாற்றுக் கீப்பரை இறக்க முடியாது. பத்துப் பேரோடு, வேறு யாராவது கையுறை மாட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அதனால் எனக்கு ஒன்றும் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவன் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தான்.

"ஸ்கோர் என்னடா?" என்று அவனைக் கேட்டேனாம். சொன்னான். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டேனாம். அவன் நடுவரிடம் ஓடினான். நடுவர் என்னிடம் வந்து, "ஆர் யூ ஓகே?" என்றார். "ஓகே சார்." இது எனக்கு நினைவிருக்கிறது. அவன் எல்லைக்கோட்டுப் பக்கம் போய்க் கோச்சிடம் கத்தினான்.

"சார், அண்ணன் சரியில்ல. கோல் போஸ்ட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. எடுத்துடுங்க."

"அவன் ஓகேன்னு சொல்றான்ல? நீ போய் ஆட்றா!"

அடுத்து வந்த பந்தை அவன் மைதானத்துக்கு வெளியே உதைத்தான். அதற்கடுத்ததையும். ஒவ்வொரு முறையும் நடுவரைப் பார்த்துக் கையால் என்னைக் காட்டினான். மூன்றாவது முறை பந்து வந்தபோது அதைக் கையில் எடுத்தான். பெனால்ட்டிப் பகுதிக்கு வெளியே நன்றாகத் தள்ளிப் போய் நின்றுகொண்டு எடுத்தான். அந்த நேரத்திலும் எங்களுக்கு எதிராக ஒரு பெனால்ட்டி விழக்கூடாது என்கிற கவனம். பந்தை வயிற்றோடு கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அவர வெளிய அனுப்புங்க சார். அதுவரைக்கும் பந்து தர மாட்டேன்."

கையால் எடுத்ததற்கு ஒரு மஞ்சள் அட்டை. கொடுக்க மறுத்ததற்கு இன்னொன்று. இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு. எங்கள் கேப்டன் ஓடி வந்து அவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்கினார். சட்டையைக் கிழித்தார். இவ்வளவு நடந்த பிறகு நடுவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ள விரும்பாமல் என்னையும் வெளியே போகச் சொன்னார்.

ஒன்பது பேர் ஆடினார்கள். ஓரத்தில் தடுப்பாட்டம் ஆடுகிற பையன் ஒருவன் என் கையுறைகளைப் போட்டுக்கொண்டு கோலில் நின்றான். இரண்டு கோல் விழுந்தது. தோற்றோம்.

உடை மாற்றும் அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் தலையில் ஐஸ் வைத்திருந்தார்கள். மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். என்னிடம் கேட்டார்:

"உண்மையச் சொல்லு. உனக்குத் தலை சுத்துச்சா?"

அறையில் இருபது பேர் காத்திருந்தார்கள். எனக்குத் தலை வலித்தது, வாந்தி வருகிற மாதிரி இருந்தது. என் காரணமாகத் தோற்றோம் என்று ஆகக் கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

"இல்ல சார். நான் நல்லாத்தான் இருந்தேன். அவனா என்னமோ பண்ணிட்டான்."

அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவன் மூலையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னது அவனுக்குக் கேட்டது. எழுந்து வந்து என் முன்னால் குந்தினான்.

"தூங்கிடாதீங்கண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்."

"போடா அந்தப் பக்கம்."

அவன் போகவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, என் காதில் வைத்தான். அந்தக் குரலை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

"தம்பி, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

யோசித்தேன். இட்லியா, பொங்கலா, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டேன், சாப்பிட்டேனா. ஒன்றுமே வரவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

"போனத் தம்பிகிட்ட குடுங்க" என்றார் அவர்.

கிழிந்த சட்டையோடு ஆட்டோவில் என்னைத் தோளில் சாய்த்து உட்கார வைத்து, வழியெல்லாம் எங்கள் ஊர்ப் படித்துறைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னான். நான்கு சொன்னேன் என்று பிற்பாடு சொன்னான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது என் பெயரே எனக்குத் தெரியவில்லையாம். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அன்றைக்கே மண்டையைத் திறந்து எடுத்தார்கள். மீதி ஆட்டத்தையும் ஆடியிருந்தாலும், விடுதியில் போய்ப் படுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டேன் என்று டாக்டர் என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

நான் கண் விழித்துப் பேசத் தொடங்குவதற்குள் அவன் கதை முடிந்திருந்தது. நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மேனேஜர் அன்றே கால்பந்துச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டார். அடிபட்ட கீப்பரை ஆட வைத்தார்கள் என்று ஆனால் கோச்சும் பிசியோவும் மேனேஜரும் பதில் சொல்லவேண்டும். ஆட்டத்தின்போது கீப்பருக்கு ஒன்றுமில்லை, அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார், பாதிப்பு பின்னால்தான் வந்தது என்று சொன்னால் யாருக்கும் தொந்தரவில்லை. வேண்டுமென்றே ஆட்டத்தைக் கெடுத்ததாக அவனுக்கு ஒரு வருடத் தடை. ஒப்பந்தம் ரத்து. காசு வாங்கிக்கொண்டு தோற்க வைத்தான் என்று வாட்ஸ்அப்பில் யாரோ கிளப்பிவிட்டார்கள். அது அவன் ஊர் வரைக்கும் போயிற்று.

நான் திருவையாற்றுப் பக்கம் எங்கள் வீட்டில் மொட்டைத் தலையும் தையலுமாகக் கிடந்தேன். அவன் வாரம் ஒருமுறை போன் செய்வான். "இப்ப நடக்குறீங்களாண்ணே? வலது கை விரலு மடங்குதா?" இதைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை. நானும் அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசவில்லை. கிளப் என் வைத்தியத்தைப் பார்த்துக்கொண்டது. உடம்பு தேறியதும் கிளப்பின் சிறுவர் அணிக்குக் கீப்பர் பயிற்சியாளர் வேலை என்று மேனேஜர் வீட்டுக்கே வந்து சொன்னார். இனி ஆட முடியாதவனுக்கு அது பெரிய விஷயம். சங்கத்துக்கு உண்மையை எழுதவேண்டும், அடுத்த வாரம் எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஆடி போயிற்று, ஐப்பசி போயிற்று. எட்டு மாதம்.

தை பிறந்து நான்காம் நாள் அவன் ஊருக்குப் போனேன். திருத்துறைப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போய்க் கொள்முதல் நிலையத்தைக் கேட்டேன். களம் முழுக்க நெல் அம்பாரம். பனிக்காகப் போர்த்திய தார்ப்பாய்களை விலக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டையை முதுகில் வாங்கி லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் அவனும் ஒருவன். உடம்பெல்லாம் அரிக்கிற நெல் சுணை. என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். மூட்டையை இறக்கிவிட்டு நான் நடந்து வருவதைக் கவனித்தபடி நின்றான்.

"நல்லா இருக்கீங்கண்ணே. வலது கால் மட்டும் கொஞ்சம் இழுக்குது. அதுவும் சரியாயிடும்."

அவனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அதைப் பார்த்ததும் நான் தயாரித்து வைத்திருந்த எதையும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போனான். பொங்கலுக்கு லீவில் வந்திருந்த அவன் அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். சாப்பாடு போட்டார்கள். சாப்பிடும்போது ஒருவழியாகச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் எழுதிக் குடுத்தது தப்புடா. மன்னிச்சிரு."

"அட, விடுங்கண்ணே. தலையில அடிபட்டிருந்துச்சு. நீங்களாவா பேசுனீங்க?"

அவன் அதை நிஜமாகவே நம்பினான். ஊரில் எல்லாருடைய உடம்பையும் படிக்கத் தெரிந்தவன், என் விஷயத்தில் மட்டும் படிக்க விரும்பவில்லை. அக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அடிபட்டிருந்துச்சு. சரி. இந்த எட்டு மாசம்?"

"அக்கா" என்றான் அவன்.

"நீ சும்மா இரு. எங்கப்பாவ நெலையத்துல வச்சே கேக்குறாங்க, 'புள்ள எவ்வளவு வாங்கிச்சு'ன்னு. இவன் காதுல விழுந்துடக் கூடாதுன்னு அவரு சிரிச்சுக்கிட்டே மூட்டை தூக்குறாரு. உங்களுக்கு இப்ப தலை தெளிவாத்தானே இருக்கு? சொல்லுங்க."

உடல்நலத்தின்மேல் பழி போட்டுத் தப்பிக்க அவர் இடம் வைக்கவில்லை. வேலைக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பழகிய நாளிலிருந்து முதல்தடவையாக அவன் பார்வை என்மேல் இல்லாமல் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே சென்னைக்குப் போனேன். நடந்ததை நடந்தபடி மூன்று பக்கம் எழுதினேன். இருமுறை ஸ்கோர் கேட்டது, வாந்தி வருகிற மாதிரி இருந்தது, மேனேஜர் கேட்டது, நான் பொய் சொன்னது, பிற்பாடு வேலைக்காக வாயை மூடிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் சேர்த்துச் சங்க அலுவலகத்தில் கையில் கொடுத்தேன். அங்கே இருந்த பெரியவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதனால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

பயிற்சியாளர் வேலை போயிற்று. என்மேலும் விசாரணை வைத்துப் பொய் சாட்சிக்காக இரண்டு வருடம் தடை போட்டார்கள். ஆடவே முடியாதவனுக்குத் தடை. மாசி கடைசியில் அவன் தடையை நீக்கி, அவன்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை அவன் அப்பா லேமினேட் செய்து கொள்முதல் நிலைய அலுவலகத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் காட்டினார் என்று கேள்விப்பட்டேன்.

கேரளத்தில் ஒரு கிளப் அவனைக் கூப்பிட்டது. புறப்பட்ட அன்று காலை தஞ்சாவூர் புதுப் பேருந்து நிலையத்துக்கு வரச் சொல்லிப் போன் செய்தான். போனேன். கோயம்புத்தூர் பஸ் நின்றிருந்தது. அக்கா டூட்டி உடையிலேயே வந்திருந்தார். என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அதுவே அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"கேப்டன் அண்ணனுக்கு அஞ்சாறு தடவ போன் பண்ணேன். எடுக்கல. ஒரு மெசேஜ் மட்டும் போட்டாரு."

"என்னன்னு?"

"'ஒருத்தன் தலைக்காக இருபது பேரு சோத்துல மண்ணப் போட்டுட்ட'ன்னு."

அணி கலைந்துவிட்டிருந்தது. கேப்டன் உணவு டெலிவரி செய்வதாகக் கேள்வி. எங்கள் கோலில் என் கையுறையோடு நின்ற அந்தப் பையன் ஆட்டத்தையே விட்டுவிட்டான்.

"அது பொய்யில்லையேண்ணே. ரெண்டு கோலும் நான் நிக்க வேண்டிய எடத்து வழியாத்தான் வந்து விழுந்துச்சு. தினமும் யோசிக்கிறேன். நான் வேற மாதிரி ஏதாவது பண்ணிருக்கலாமா? யாருக்கும் போகாம, உங்களுக்கும் ஒண்ணும் ஆகாம?"

உயிரோடு நான் அவன் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அவன் அந்த இரண்டு கோலுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். அவன் சுத்தமாக ஜெயித்துவிட்டான், நான்தான் தோற்றவன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவனும் ஒன்றைச் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறப் போகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"வேற வழி ஒண்ணு இருந்துச்சு" என்றேன். "நான் ஓகேன்னு சொல்லாம இருந்திருக்கணும். அது என் கையில இருந்துச்சு, உன் கையில இல்ல. கேப்டன்கிட்ட நான் போய்ப் பேசுறேன். அவரு கோவப்பட வேண்டிய ஆளு நான்தான்."

கண்டக்டர் விசில் அடிக்கிறவரை அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"அவரு அடிப்பாருண்ணே. தலையக் காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினான்.

அடுத்த வாரம் கேப்டனைத் தேடிச் சென்னைக்குப் போனேன். அவர் அடிக்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றாமலே கால்மணி நேரம் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன். கடைசியில், "கொக்கு எங்க ஆட்றான்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் செல்போனை எடுத்து, அவன் எண்ணைத் தேடி, என் எதிரிலேயே கூப்பிட்டார்.